46 கடை, 120 அட்டை, ஒரு குட்டி வேன்

தருமபுரி குமாரசாமிப்பேட்டையில் நான் முட்டை போடும் மளிகைக்கடை ஒன்று சந்துக்குள் இருக்கிறது. (கடைக்குச் சரக்கு கொடுப்பதை ‘போடுவது’ என்றுதான் சொல்வோம். என் தொழிலில் அது கொஞ்சம் சங்கடமாக ஒலிக்கும், என்ன செய்ய.) ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் காலை எட்டரை மணிக்கு, வாடகைக்கு எடுத்த குட்டி யானையை (டாடா ஏஸ் சரக்கு வண்டிக்கு ஊரில் அந்தப் பெயர்) அந்தச் சந்துக்குள் ஓட்டிப்போனேன். கடை வாசலில் நிறுத்தி இறங்கிப் பின்னால் போனால், வண்டியை ஒட்டி ஒரு பைக். பைக்கை ஒட்டி ஒரு பள்ளிக்கூட ஆட்டோ. பின்பலகையை இறக்க இடமில்லை. பைக்காரர் பின்னால் போக வேண்டுமென்றால் ஆட்டோ போக வேண்டும், ஆட்டோவுக்குப் பின்னால் தண்ணீர் கேன் வண்டி. உள்ளே பிள்ளைகள் கத்துகிறார்கள். நாலு அட்டை முட்டையை இறக்க எனக்கு இருபது நிமிடம் ஆனது. எதிர்த்திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் வெற்றிலையை மென்றுகொண்டே, “யானைய எதுக்குப்பா சந்துக்குள்ள ஓட்டிட்டு வந்த?” என்றார்.

அன்றைக்கு நான் வண்டியின் அகலத்தைத்தான் திட்டிக்கொண்டு வந்தேன். அது தப்பு என்று புரிய இரண்டு வண்டி மாற வேண்டியிருந்தது. சின்ன வேன் வாங்கலாமா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு முதலில் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன்.

நான் இந்தத் தொழிலை ஆரம்பித்தது டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில். பக்கத்து ஓசூரில் பிறந்த வண்டி, எங்கள் மாவட்டத்தில் அதில் ஏறாத சரக்கே கிடையாது. பின்னால் பலகை கட்டி 12 அட்டை வைப்பேன். அட்டைக்கு 30 முட்டை, ஆக 360. நான்கு ரோடு சந்திப்பில் ஒரு திருப்பத்தில் சாய்ந்தால் அன்றைய லாபம் தார் ரோட்டில் பொரிந்துவிடும். ஐந்து வருடம் அப்படி ஓட்டினேன். கடைகள் கூடக் கூட, ஒரே நாளில் எட்டு நடை, பத்து நடை. இடுப்பு வலி வந்த பிறகுதான் நாலு சக்கரத்தைப் பற்றி யோசித்தேன்.

எல்லோரும் குட்டி யானை வாங்கச் சொன்னார்கள். சொன்னதில் தப்பில்லை. டாடா ஏஸ் 2005-ல் வந்தபோது இரண்டு சிலிண்டர், 702 சி.சி. டீசல் இன்ஜின், முக்கால் டன் பாரம் என்று ஒரு கணக்கோடு வந்தது. மூன்று சக்கர ஆட்டோவுக்கும் பெரிய லாரிக்கும் நடுவில் இருந்த பள்ளத்தை அது நிரப்பியது. பாலக்கோடு தக்காளி மண்டிக்குக் காலையில் போய்ப் பாருங்கள், இந்த மாதிரிக் குட்டி வண்டிகள் இல்லாமல் விடியாது. தக்காளிப் பெட்டி, சிமென்ட், செங்கல் என்றால் நானும் அதைத்தான் சொல்வேன்.

ஆனால் என் சரக்கை எடை போட்டுப் பார்த்தேன். ஒரு முட்டை சுமார் 55 கிராம். நாளுக்கு 120 அட்டை, அதாவது 3,600 முட்டை. மொத்தம் 200 கிலோவைச் சுற்றித்தான் வருகிறது. முக்கால் டன் இழுக்கும் வண்டியில் 200 கிலோ ஏற்றினால் மிச்ச பலம் யாருக்கு? அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. சரக்கு வண்டியின் பின்பக்கக் கமான் பட்டை (ஸ்பிரிங்) முழுப் பாரத்தைத் தாங்குகிற மாதிரிப் போடப்பட்டது. பாரம் குறைவாக இருந்தால் அது வளையாது, பாரத்தைத் தூக்கிப் போடும். கல்லும் மண்ணும் கவலைப்படாது. முட்டை கவலைப்படும்.

அப்புறம்தான் ஒரு வாரம் நோட்டுப் போட்டு எழுதினேன். வண்டி வாங்குவதற்கு முன் நான் செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான். 46 கடை. ஒவ்வொரு கடையிலும் நிறுத்தியதிலிருந்து கிளம்பும் வரை செல்போனில் நேரம் பார்த்தேன். வாடகை வண்டியில் இறங்கி, சுற்றிப் பின்னால் போய், தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்த்து, பலகையை இறக்கி, அட்டையை எடுத்து, மறுபடி கட்டி ஏறினால் நாலு நிமிடம். அடுத்த வாரம் ஒரு நண்பரின் பழைய மாருதி ஆம்னி வேனை இரவல் வாங்கி ஓட்டினேன். நிறுத்தி, இடதுபக்கம் வந்து தள்ளுகதவைத் தள்ளி, இரண்டு அட்டையை எடுத்துக் கடைப் பலகையில் வைத்து, கதவைச் சாத்தினால் ஒன்றரை நிமிடம். கடைக்கு இரண்டரை நிமிடம் மிச்சம். 46 கடைக்குக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம்.

பின்னாளில் டேப் எடுத்து ஏஸையும் இப்போதைய வண்டியையும் அந்தச் சந்தின் அகலத்தையும் அளந்தேன். ஏஸின் அகலம் ஒன்றரை மீட்டர். நான் இப்போது வைத்திருக்கும் மாருதி ஈகோ வேனின் அகலம் 1,475 மில்லிமீட்டர். வித்தியாசம் ஒரு அங்குலம். ஒரே ஒரு அங்குலம்! ஆக அன்று என்னைச் சந்துக்குள் மாட்டிவிட்டது அகலமே இல்லை. சரக்கை எந்தப் பக்கம் எடுக்கிறோம் என்பதுதான். நம் ஊரில் இடதுபக்கம் ஓட்டுகிறோம், கடையும் இடதுபக்கம். கதவு அந்தப் பக்கம் இருந்து, வெளியே விரியாமல் உடம்போடு ஒட்டிச் சறுக்கினால், பின்னால் யார் வந்து முட்டிக்கொண்டு நின்றாலும் நமக்குக் கவலையில்லை. சுவரிலிருந்து ஒரு ஆள் நிற்கிற இடம் இருந்தால் போதும். ஷோரூமில் இன்ஜின், மைலேஜ், பாரம் எல்லாம் சொல்வார்கள். ஒரு நாளில் எத்தனை தடவை இறங்கி ஏறுவீர்கள் என்று மட்டும் கேட்க மாட்டார்கள். நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதலில் வாங்கியது பழைய ஆம்னி. 1984-ல் ‘மாருதி வேன்’ என்ற பெயரில் வந்த அதே பெட்டி. 796 சி.சி. இன்ஜின், முன்சீட்டுக்கு அடியில். மூக்கு என்று ஒன்று கிடையாது, அதனால்தான் அவ்வளவு குட்டி உடம்பில் அவ்வளவு இடம். சுசூகி கேரி என்ற ஜப்பான் வேனின் வழி வந்தது அது. ஜப்பானில் ‘கே’ வகை வண்டி என்றே ஒரு தனிச் சட்டம் வைத்திருக்கிறார்கள். இன்றைய விதிப்படி நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர், இன்ஜின் 660 சி.சி., இதைத் தாண்டக் கூடாது. தாண்டாவிட்டால் வரிச் சலுகை. அங்கே யாரோ எழுதிய சட்டம் இங்கே கோட்டைத் தெருவில் எனக்கு உதவியது.

மூக்கு இல்லாததன் விலையும் உண்டு. முன்னால் மோதினால் முதலில் வாங்குவது நம் முழங்கால். மோதல் பாதுகாப்பு விதிகள் கடுமையானபோது 2019-ல் ஆம்னியை நிறுத்திவிட்டார்கள். இன்றைக்குக் கிடைப்பதெல்லாம் பழையது. என்னுடையது வயதான வண்டி, மிதியடியைத் தூக்கினால் துரு. வாங்குகிறவர்கள் பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். மிதியடியைத் தூக்கிப் பாருங்கள், கதவுத் தண்டவாளத்தில் விரலை விட்டுப் பாருங்கள்.

அந்தத் தண்டவாளம் ஒரு தனி விஷயம். கீழ்த்தண்டவாளத்தில் மண்ணும் வைக்கோலும் சேரும். சேர்ந்தால் கதவு பாதியில் நிற்கும், ஆத்திரத்தில் இழுத்தால் உருளை தேயும். வாரம் ஒரு தடவை பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் கூட்டிவிட்டு கிரீஸ் தடவுவேன். இன்னொன்று, சரிவில் நிறுத்தும்போது வண்டியின் முகம் எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். கதவு பின்பக்கமாகத் திறப்பது. வண்டி பள்ளத்தைப் பார்த்து நின்றால் கதவு தானாக முன்னால் ஓடி வந்து சாத்திக்கொள்ளும். பென்னாகரம் ரோட்டில் ஒரு இறக்கத்தில் அது என் கையில் இருந்த அட்டையை வந்து கடித்தது. கையைக் கடிக்காமல் விட்டதே பெரிய விஷயம். இப்போது சரிவென்றால் ஒரு மரத்துண்டைத் தண்டவாளத்தில் வைத்துவிட்டுத்தான் கை நீட்டுகிறேன்.

ஆம்னி விஷயத்தில் நான் செய்த பெரிய முட்டாள்தனம் வெள்ளை போர்டு. அது சொந்த உபயோகக் காராகப் பதிவானது. சீட்டைக் கழற்றிவிட்டு முட்டை ஏற்றினேன். ஒரு வாகனச் சோதனையில் பிடித்து அபராதம் போட்டார்கள். தப்பு என்னுடையது, அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அபராதம் கட்டிவிட்டு வந்த பிறகுதான் இன்சூரன்ஸ் தெரிந்த ஒருவர் சொன்னார்: “அண்ணா, அபராதம் சின்ன விஷயம். இதுல ஒரு ஆளை இடிச்சிருந்தீங்கன்னா கம்பெனி கைய விரிச்சிருக்கும்.” அன்று இரவு தூங்கவில்லை.

ஆகவே இப்போது மஞ்சள் போர்டு, அதாவது சரக்கு வண்டிப் பதிவு. பயப்படுகிற அளவுக்கு இல்லை. மொத்த எடை, அதாவது வண்டியும் பாரமும் சேர்ந்து, 3,000 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி தனியாக பெர்மிட் தேவையில்லை. எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) உண்டு: வண்டிக்கு எட்டு வயது ஆகும் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை, அப்புறம் வருடா வருடம். லைசென்ஸ் விஷயத்தில் பலரும் இன்னும் குழம்புகிறார்கள். சாதாரண கார் லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதையே உறுதி செய்தது. தீர்ப்பு வந்த அன்று டீக்கடையில் நான் படித்துக் காட்டியபோது இரண்டு பேர் நம்பவில்லை.

ஆம்னியை இரண்டு வருடம் ஓட்டிவிட்டு ஈகோ கார்கோவுக்கு வந்தேன். நாலு வருடம் ஆகிறது. நீளம் 3,675 மில்லிமீட்டர், 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், பின்சக்கர இழுவை. பாரம் பின்னால் இருக்கும்போது பின்சக்கரம் இழுப்பது மேட்டில் நல்லது, பாரம் அதை அழுத்திப் பிடிக்கிறது. நாளுக்கு 40 கிலோமீட்டர் ஓடுகிறேன், மூன்று லிட்டருக்கு மேல் பெட்ரோல் குடிக்கிறது. கம்பெனி சொல்லும் மைலேஜ் நமக்குக் கிடைக்காது. 46 தடவை நிறுத்திக் கிளம்புகிற வண்டிக்கு எப்படிக் கிடைக்கும்? கிளட்ச்சும் அதே கணக்குத்தான், நெடுஞ்சாலையில் ஓடுகிற வண்டியைவிடச் சீக்கிரம் தேயும். அந்தச் செலவை முதலிலேயே எடுத்து வைத்துவிடுவது நல்லது.

முட்டையை ஏற்றுவதில் நான் கற்றுக்கொண்டதைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை. உடைசல் எங்கே வருகிறது என்று ஒரு மாதம் குறித்தேன். பின்சக்கரத்துக்கு மேலேயும் அதற்குப் பின்னாலும் வைத்த அட்டைதான் முதலில் போகிறது. வண்டியில் அந்த இடம்தான் அதிகம் குதிக்கும். கடைசி சீட்டில் பஸ்ஸில் போனவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆகவே இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் முட்டை, பின்னால் காலி அட்டை. காகிதக்கூழ் அட்டை பத்து அடுக்கு தாங்கும், ஆனால் ஓடுகிற வண்டியில் எட்டு அடுக்குக்கு மேல் நான் வைப்பதில்லை. தரையில் பழைய சாக்கு இரண்டு மடிப்பு. முட்டையின் கூர்முனை கீழே. இதெல்லாம் சரியாக இருந்தும் உடைகிற நேரம் ஒன்று உண்டு, கடைசி பத்துக் கடை. பாரம் குறைந்து வண்டி துள்ளத் தொடங்கும், நமக்கும் வீட்டுக்குப் போகிற அவசரம் வரும். இப்போது வழியையே மாற்றிவிட்டேன். இலக்கியம்பட்டிப் பக்கம் வேகத்தடை அதிகம், அங்கே பாரத்தோடு காலையிலேயே போகிறேன். கடைசிக்கு வைத்திருப்பது நல்ல ரோடு.

வேகத்தடையை ஓரமாக, ஒரு சக்கரத்தை மட்டும் ஏற்றிக் கடப்பது பலருக்குப் பழக்கம். காருக்குப் பரவாயில்லை. உயரமான, ஒல்லியான வேனில் அது அடுக்கைப் பக்கவாட்டில் ஆட்டும். நேராக, முதல் கியரில், இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறட்டும்.

ஓசூரில் இருக்கும் என் மச்சான் பேட்டரி சரக்கு ஆட்டோ வைத்திருக்கிறார். துணிக்கடைச் சரக்கு. செலவு என்னைவிட ரொம்பக் குறைவு, அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு நாள் ஓட்டிப் பார்த்ததில் ஒன்று தெரிந்தது. நாலு சக்கர வண்டிக்கு ரோட்டில் இரண்டு தடம். குழியை நடுவில் விட்டுக் கடக்கலாம். மூன்று சக்கரத்துக்கு மூன்று தடம். நடுவில் விட்ட குழியில் முன்சக்கரம் இறங்கும். துணிக்கு அது ஒன்றுமே இல்லை.

நெடுஞ்சாலைக்கு வருகிறேன். நாமக்கல்லிலிருந்து நானே முட்டை எடுத்து வந்தால் என்ன என்று ஒரு காலத்தில் ஆசை இருந்தது. குட்டி யானை வாடகைக்கு எடுத்திருந்த அந்தப் பழைய நாட்களில் ஒரு ஐப்பசியில் அதையும் செய்தேன். சேலம் தாண்டும் வரை வெயில். தொப்பூர் கணவாய் ஏறும்போது மழை பிடித்தது, காற்று தார்ப்பாயின் ஒரு மூலையைக் கிழித்தது. காகிதக்கூழ் அட்டை நனைந்தால் அப்பளம். கீழ் அடுக்கு அமுங்க, மேல் அடுக்கு சாய, தருமபுரி வந்து திறந்தபோது எழுநூறு முட்டைக்கு மேல் போயிருந்தது. வண்டிக்குள் இறங்கி அள்ளினோம். மூடிய வேன் வேண்டும் என்ற முடிவு அன்று எடுத்தது.

சரி, மூடிய வேன் வந்த பிறகு போயிருக்கலாமே? போனேன், இரண்டு தடவை. போகும்போது வண்டி காலி, தொப்பூர் இறக்கத்தில் பின்னாலிருந்து வரும் கன்டெய்னர் லாரியைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இறங்க வேண்டும். அந்த இறக்கத்தில் நடந்த விபத்துகளைப் பற்றி எங்கள் மாவட்டத்துக்காரர்களிடம் சொல்ல வேண்டியதில்லை. கியரில் போட்டு இறங்குவேன், நியூட்ரல் என்ற பேச்சே இல்லை. ஆனாலும் பக்கத்தில் ஒரு பஸ் வேகமாகக் கடந்தால் உயரமான குட்டி வேன் ஓரமாகத் தள்ளிவிடப்படுவது ஸ்டீரிங்கிலேயே தெரியும். மூன்றாவது தடவை வீட்டில் போகவிடவில்லை. இப்போது நாமக்கல்லிலிருந்து லாரி வருகிறது, என் குடோனில் இறக்குகிறது, ஊருக்குள் மட்டும் நான். எட்டணா லாபம் குறைந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. இன்ஜின் சீட்டுக்கு அடியில், சித்திரையில் மதியம் இரண்டு மணிக்கு ஓட்டுபவர் வேகிறார். முட்டையும் முன்பக்கம் வைத்தால் அப்படித்தான். சீட்டுக்குப் பின்னால் ஒரு சாண் இடைவெளி விட்டு ஒரு தெர்மாகோல் தடுப்பு வைத்திருக்கிறேன், அதுவும் காலை பதினொன்றரைக்குள் சுற்றை முடித்துவிடுகிறேன். ஆயில் பார்க்க வேண்டுமென்றாலும் சீட்டைத் தூக்க வேண்டும், சூடாக இருக்கும்போது செய்யாதீர்கள்.

இந்த வண்டியில் ஒகேனக்கல் போக முடியாதா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். பின்னால் சீட் கிடையாது, சரக்கு வண்டியில் ஆள் ஏற்றினால் இன்சூரன்ஸும் கிடையாது. வீட்டம்மா ஒரே வரியில் முடித்தார்: “முட்டைக்கு வேன், எங்களுக்கு பஸ்.”

தைப்பூசம் சமயத்தில் மட்டும் வேன் ஓய்வெடுக்கும். குமாரசாமிப்பேட்டை முருகன் கோயில் தேரைப் பெண்கள் மட்டுமே வடம் பிடித்து இழுக்கும் நாளில் அந்தப் பக்கம் எந்தச் சக்கரமும் நுழையாது. அன்றைக்கு எக்ஸ்.எல். மறுபடி வெளியே வரும். விற்க மனம் வரவில்லை, அதனால்தான் இன்னும் வாசலில் நிற்கிறது.

இந்த வேன் தோற்றுப்போகும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். இப்போது புரட்டாசி. பாதிக் கடைக்காரர்கள் மாலை போட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு “சனிக்கிழமை வேண்டாம்ணா” என்கிறார்கள், சில கடைகளில் மாதம் முழுக்கவே வேண்டாம். 120 அட்டை 60-க்கு வந்துவிட்டது. காலி இடத்தில் பக்கத்துத் தெரு பேக்கரிக்காரரின் பன், ரொட்டியை ஏற்றலாம் என்று பேசினோம். அவர் கடைகளும் என் கடைகளும் பெரும்பாலும் ஒன்றுதான். நல்ல யோசனை மாதிரித்தான் தெரிந்தது. முதல் நாள் அவருடைய பிளாஸ்டிக் தட்டுகளை அடுக்கினோம். முட்டையோடு சேர்த்து வேன் கூரை வரை நிரம்பிவிட்டது. எடை பார்த்தால் பன் மொத்தமே 40 கிலோ தாண்டவில்லை. அவருக்குத் தேவை எடை இல்லை, இடம். அவர் முன்பே கூண்டு கட்டிய குட்டி யானை வாங்கப்போவதாகச் சொன்னபோது நான் எதிர்த்துப் பேசியிருக்கிறேன். அன்று கதவைச் சாத்த முடியாமல் இரண்டு பேரும் முதுகைக் கொடுத்துத் தள்ளும்போது அவர் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார்.

நாளைக்குக் காலையில் டேப்பை எடுத்துக்கொண்டு அவர் பேக்கரிக்குப் போகிறேன். தட்டின் உயரத்தில் இரண்டு அங்குலம் குறைந்தால் இன்னொரு அடுக்கு வைக்கலாம். ஐப்பசி பிறக்கும் வரைக்காவது ஓட்ட வேண்டுமே.